தர்மன் தாமஸுக்குப் பின்னால் நின்றவர்: பாரி சாண்டர்ஸும் 1988-ம்

கரிசல்காட்டான்:
மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்த ரன்னிங் பேக்கை நம்பி எந்த என்எஃப்எல் (அங்கத்தைய தொழில்முறை லீக்) அணி டிராஃப்ட்டில் (காலேஜ் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுக்கும் என்று நண்பர் கேட்டார். பாரி சாண்டர்ஸ் என்றேன். "அவரையெல்லாம் கணக்கில் சேர்க்காதே, அது லட்சத்தில் ஒன்று" என்று முடித்துவிட்டார். சாம்பார் சாதம் ஆறிப்போனதுதான் மிச்சம்.

எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம். 1988-ல் ஒரே சீசனில் அதிக யார்டு ஓடி அவர் வைத்த காலேஜ் சாதனை ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில், பேக்கப்பாக இருந்தபோதே ஏதாவது தெரிந்ததா? இல்லை, எல்லாம் ஒரே வருஷத்தில் வானத்திலிருந்து விழுந்ததா? அந்தக் காலத்து ஆட்டங்களைத் தேடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

புதுசா_பார்க்கிறேன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ரன்னிங் பேக் என்றால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர், அவ்வளவுதானே? அதற்கு ஏன் பேக்கப், அதிலும் இத்தனை பேச்சு?

நாலாவது_டவுன்:
ஓடுவதுதான் முதல் வேலை. அதோடு, பந்தை வீசுகிற குவாட்டர்பேக்கை அடிக்க வருகிறவனை மறிக்க வேண்டும், சின்னச் சின்ன பாஸ்களைப் பிடிக்கவும் வேண்டும். ஒரு காலேஜ் அணியில் இந்த இடத்துக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் ஆடுவார், அவருக்கு மூச்சு வாங்கும்போது இன்னொருவர் உள்ளே போவார். மற்றவர்களுக்குப் பயிற்சியில் அடுத்த வாரத்து எதிரணி ஆள் மாதிரி ஓடிக்காட்டி, சொந்த டிஃபென்ஸிடமே அடிவாங்குகிற வேலை. முதல் ஆள் பட்டம் முடித்துப் போக வேண்டும், அல்லது அவருக்கு முட்டி போக வேண்டும். அதுவரைக்கும் காத்திருப்புதான்.

டீ_மாஸ்டர்:
நம்ம ஊர்க் கபடியில் ரெய்டு போகிறவனை நினைத்துக்கொள் தம்பி. ஏழு பேர் கை நீட்டும்போது இடுப்பை ஒரு ஒடி ஒடித்துத் தப்பிப்பானே, அதையே கையில் பந்தோடு, 110 கிலோ ஆட்களுக்கு நடுவில் செய்ய வேண்டும்.

ஸ்டில்வாட்டர்_ராஜா:
கரிசல் அண்ணே, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நான் ஓக்லஹோமா ஸ்டேட்டில் மேற்படிப்புக்குப் போனவன். ஊர் ஸ்டில்வாட்டர். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஊரே ஆரஞ்சு உடுப்பில் திரியும். எனக்கு இந்த ஆட்டத்தில் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்புகளில் ஒன்று) என்றால் என்னவென்றே தெரியாது. பக்கத்து இருக்கையில் ஒரு தாத்தா. முதல் கால் மணி நேரம் பொறுமையாக விதிகளைச் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் மீதி ஆட்டம் முழுக்க 1988-ஐப் பற்றியே பேசினார். கண்முன்னே நடக்கிற ஆட்டத்தை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை! அன்றைக்குப் பிடித்த பைத்தியம், பழைய ஆட்டங்களாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

சாண்டர்ஸ் 1986-ல் அங்கே சேர்கிறார். முன்னால் நின்றவர் தர்மன் தாமஸ். சாதாரண ஆள் இல்லை, பிற்பாடு என்எஃப்எல்லில் பஃபலோ பில்ஸுக்கு ஆடி ஹால் ஆஃப் ஃபேம் (மாபெரும் வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) போனவர். அவரை மீறி ஆட யாருக்கும் வழியில்லை. முதல் வருஷம் சாண்டர்ஸ் ஓடியது 325 யார்டு, அடுத்த வருஷம் 603. தாமஸ் 1987-ல் 1,613 யார்டு ஓடினார். இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வது சரிதான். மூன்றாவது வருஷத்துக்குள் வந்தும் முதல் ஆளாக ஒரு சீசனும் ஆடாத ஒரு குட்டையான பையன்.

ஆனால் கிக்காஃப் பக்கம் வாருங்கள். எதிரணி உதைக்கும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுகிற வேலை பெரும்பாலும் பேக்கப்புகளுக்குத்தான் வரும். முதல் ஆளை அந்த முட்டல் மோதலுக்குள் அனுப்பிக் காயப்படுத்த எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. 1987-ல் சாண்டர்ஸ் இதில் சராசரியாக 31.6 யார்டு எடுத்தார். நாட்டிலேயே முதலிடம். அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் டல்சாவுக்கு எதிராக 100 யார்டு திரும்ப ஓடி டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). 1988 சீசனின் முதல் கிக்காஃப், எதிரே ஓஹாயோவின் மயாமி, மறுபடியும் 100 யார்டு. தாமஸ் போன பிறகு முதல் ஆளாக முதல் நாள் களம் இறங்கியவர், ஒரு பந்துகூட குவாட்டர்பேக்கிடமிருந்து கைக்கு வருவதற்கு முன்பே டச் டவுன் போட்டுவிட்டார்.

அதனால் வானத்திலிருந்து எதுவும் விழவில்லை அண்ணே. எல்லாம் வேறு ஒரு பத்தியில் எழுதிக் கிடந்தது, அந்தப் பத்தியைத்தான் பலர் படிக்கவில்லை.

நாலாவது_டவுன்:
ராஜா, உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். 1988-ல் 12 ஆட்டங்களில் 2,628 யார்டு. மாபெரும் எண், மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியின் லைன் (முன்னால் நின்று வழி திறந்து கொடுக்கிற ஆட்கள்) எப்படிப்பட்டது? "வார் பிக்ஸ்" என்று பட்டப்பெயரே இருந்தது. குவாட்டர்பேக் மைக் கண்டி, பாஸ் பிடிக்கிற ரிசீவர் ஹார்ட் லீ டைக்ஸ். டைக்ஸைக் கவனிக்கவே எதிரணிக்கு இரண்டு பேர் வேண்டும். அவர்கள் ஆடிய பிக் எய்ட் குழுவில் சில அணிகளின் டிஃபென்ஸ் வெறும் சல்லடை. அந்த இடத்தில் தாமஸ் இன்னொரு வருஷம் நின்றிருந்தால் அவரும் 2,000 தாண்டியிருப்பார்.

ஸ்டில்வாட்டர்_ராஜா:
முதலில் ஒரு திருத்தம். 12 இல்லை, 11 ஆட்டங்கள். பன்னிரண்டாவது ஆட்டம் சீசன் முடிந்த பிறகு நடந்த ஹாலிடே பவுல், வயோமிங்குக்கு எதிராக 222 யார்டு, 5 டச் டவுன், 62–14 வெற்றி. அந்தக் காலத்தில் பவுல் ஆட்டங்களைக் காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ சீசன் கணக்கில் சேர்க்காது. 2002-ல் இருந்துதான் சேர்க்கிறார்கள். சேர்த்திருந்தால் 2,850.

சல்லடை டிஃபென்ஸ் என்றீர்களே, ஆட்டவாரியாகவே தருகிறேன். மயாமி 178, டெக்சஸ் ஏ அண்ட் எம் 157, டல்சா 304, கொலராடோ 174, நெப்ராஸ்கா 189, மிஸௌரி 154, கன்சாஸ் ஸ்டேட் 320, ஓக்லஹோமா 215, கன்சாஸ் 312, அயோவா ஸ்டேட் 293, டோக்கியோவில் டெக்சஸ் டெக் 332. கூட்டிப் பாருங்கள், 2,628 வரும்.

நோஞ்சான் அணிகளிடம் முந்நூறு முந்நூறாக எடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெப்ராஸ்காவும் ஓக்லஹோமாவும் அன்றைக்கு நாட்டின் பெரிய அணிகள். இரண்டு ஆட்டத்திலும் ஓக்லஹோமா ஸ்டேட் தோற்றது. தோற்ற ஆட்டங்களிலேயே 189-ம் 215-ம் என்றால் லைன் மட்டும் போதுமா? 11 ஆட்டத்தில் மிகக் குறைந்தது 154. இந்த ஒரு எண் எனக்குப் போதும்.

நாலாவது_டவுன்:
11-ஐ ஏற்கிறேன், என் தவறு. 154 பற்றிச் சொன்னது நல்ல வாதம். லைன் விஷயத்தில் மட்டும் என் கட்சியை விடமாட்டேன்.

விச்சிட்டா_அக்கா:
நான் இருப்பது சாண்டர்ஸ் பிறந்த ஊரில். கன்சாஸ் மாநிலம், விச்சிட்டா. பேக்கப் கதை ஸ்டில்வாட்டரில் தொடங்கவில்லை, இங்கேயே தொடங்கிவிட்டது. வீட்டில் 11 பிள்ளைகள். அப்பா வில்லியம் கூரை போடுகிற வேலை, பிள்ளைகளும் உடன் போய் உழைத்திருக்கிறார்கள். பாரியும் அண்ணன் பைரனும் படித்தது விச்சிட்டா நார்த் பள்ளியில். அங்கே ரன்னிங் பேக் இடம் அண்ணனுக்கு! தம்பிக்குக் கடைசி வருஷம் நாலாவது ஆட்டம் வாக்கில்தான் அந்த இடம் கிடைத்தது. மீதியிருந்த ஏழு ஆட்டங்களில் 1,417 யார்டு.

அப்படியும் பெரிய காலேஜ்கள் எட்டிப் பார்க்கவில்லை. உயரம் 5 அடி 8 அங்குலம், அதுதான் காரணம். ஓடுகிறவனுக்கு எதற்கு உயரம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உயரமான லைன்மேன்களுக்குப் பின்னால் குட்டையானவன் ஒளிந்து வந்தால் டிஃபென்ஸ்காரனுக்குக் கண்ணில் படமாட்டானே! எந்தப் பக்கமாக வெளியே வருகிறான் என்று அவன் பார்ப்பதற்குள் தாண்டிப் போயிருப்பான்.

டீ_மாஸ்டர்:
அக்கா, வீட்டில் அண்ணன், காலேஜில் தர்மன் தாமஸ். மனுஷன் வாழ்க்கை முழுக்க அடுத்தவர் முதுகைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார் போல.

விச்சிட்டா_அக்கா:
சிரித்துவிட்டேன் தம்பி.

கரிசல்காட்டான்:
ராஜா சொன்ன கிக்காஃப் சங்கதியை வைத்துக்கொண்டு நேற்று இரவு உட்கார்ந்தேன், தூக்கம் போனது. கிக்காஃபில் ஏன் தெரிகிறது என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

சாதாரண ஓட்டத்தில் லைன் ஓட்டை போட்டுக் கொடுக்கும். ஓட்டை பெரிதாக இருந்தால் யாரும் ஆறு யார்டு ஓடலாம். அதனால்தான் நாலாவது_டவுன் போன்றவர்கள் லைனுக்குப் பாதிப் புகழைக் கொடுக்கிறார்கள். கிக்காஃபில் அந்த ஏற்பாடு இவ்வளவு இறுக்கமாக இருக்காது. பழைய விதிப்படி பதினொரு பேர் முழு வேகத்தில் எதிரே ஓடிவருகிறார்கள், நடுவில் மறிப்பவர்களின் திட்டம் பாதியிலேயே கலைந்துபோகும். யாரை விட வேண்டும், யாரை வெட்ட வேண்டும், எந்தச் சந்து இன்னும் ஒரு நொடியில் திறக்கும் என்பதை ஓடுகிறவன்தான் பார்க்க வேண்டும். கூட்டத்துக்குள் வழி பார்க்கிற கண் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே அம்பலமாகிவிடும்.

1988 காட்சிகளில் ஒன்றைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். ஒருவன் நேராக அவர் இடுப்பைக் குறிவைத்து வருகிறான். சாண்டர்ஸ் நின்றுவிடுகிறார். உண்மையிலேயே இரண்டு காலையும் அகட்டி நின்றுவிடுகிறார். வந்தவன் வேகத்தை அடக்க முடியாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்கிப் போகிறான். அப்புறம் மறுபடியும் ஓட்டம். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்துக்கு இரண்டே எட்டு. மற்றவர்கள் வேகமாக ஓடி ஜெயிப்பார்கள், இவர் நின்று ஜெயித்திருக்கிறார்.

புதுசா_பார்க்கிறேன்:
நானும் போய்ப் பார்த்தேன். பின்பக்கமாக ஓடுகிறாரே! நாலு யார்டு பின்னால் போய், அங்கிருந்து வளைந்து, கடைசியில் முப்பது யார்டு!

நாலாவது_டவுன்:
அந்தப் பழக்கம்தான் பிற்பாடு என்எஃப்எல்லில் அவருக்கு நஷ்ட யார்டுகளையும் நிறையக் கொடுத்தது. ரசிகனுக்குக் கொண்டாட்டம், லைன் பயிற்சியாளருக்கு ரத்தக்கொதிப்பு.

சரி, கிக்காஃப் வாதத்துக்கு என் தரப்பிலிருந்தே ஒரு சாட்சி. டெரல் டேவிஸ். முதலில் லாங் பீச் ஸ்டேட். 1991 சீசனோடு அந்தக் காலேஜ் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. ஜார்ஜியாவுக்கு மாறினார், அங்கே முன்னால் கேரிசன் ஹேர்ஸ்ட். ஹேர்ஸ்ட் போன பிறகு ஒரு வருஷம் ஓடினார், கடைசி வருஷத்தைத் தொடைத்தசைக் காயம் கெடுத்தது. 1995 டிராஃப்ட்டில் ஆறாவது சுற்று, 196-வது ஆள், டென்வர் பிராங்கோஸ். ரன்னிங் பேக் வரிசையில் கடைக்கோடி.

அந்த ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரு பயிற்சி ஆட்டம், எதிரே சான் ஃபிரான்சிஸ்கோ. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாமா என்ற யோசனையில் அவர் இருந்த நேரம். கிக்காஃபில் பந்தை எடுத்து வருகிறவனைத் தடுக்க இவரை அனுப்பினார்கள். பாய்ந்து போய் ஒரே அடி, வந்தவன் மல்லாந்து விழுந்தான். அதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள். முதல் சீசனிலேயே 1,117 யார்டு, 1998-ல் 2,008. இரண்டு சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) வெற்றி மோதிரம். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

ஸ்டில்வாட்டர்_ராஜா:
டோக்கியோ! சாண்டர்ஸ் சிறந்த காலேஜ் வீரருக்கான ஹைஸ்மன் டிராஃபி ஜெயித்த சேதி வந்ததும் டோக்கியோவில்தான். டெக்சஸ் டெக் ஆட்டத்துக்காக அணி அங்கே போயிருந்தது. நியூயார்க்கில் சனிக்கிழமை அறிவிக்கிறார்கள், டோக்கியோவில் அப்போது ஞாயிறு காலை. சாட்டிலைட் வழியாக நன்றி சொல்லிவிட்டு, மைதானத்துக்குப் போய் 44 முறை பந்தை வாங்கி 332 யார்டு ஓடினார். அந்த ஆட்டத்தில்தான் மார்கஸ் ஆலன் 1981-ல் வைத்த 2,342 யார்டு சீசன் சாதனை உடைந்தது. ஹைஸ்மனில் இரண்டாவது ராட்னி பீட், மூன்றாவது ட்ராய் எய்க்மன்.

டீ_மாஸ்டர்:
பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளை எல்லாம் மொத்தமாக ஒரு டோக்கியோ விமானத்தில் ஏற்றிவிடலாம் போலிருக்கிறதே.

விச்சிட்டா_அக்கா:
இந்தக் காலத்து ஆள் ஒருவரையும் சேருங்கள். ஜாஷ் ஜேக்கப்ஸ். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்துப் பையன். சின்ன வயதில் அப்பாவோடு கொஞ்ச காலம் காரிலேயே தூங்கி எழுந்தவர். அலபாமாவில் மூன்று வருஷம் ஆடினார், ஒரு சீசனில்கூட 1,000 யார்டு கிடையாது. 2018-ல் 120 முறை பந்தை வாங்கி 640 யார்டு, 11 டச் டவுன். முதல் ஆள் என்று பெயர் டேமியன் ஹாரிஸுக்கு. 2019 டிராஃப்ட்டில் 24-வது ஆளாக ரெய்டர்ஸ் ஜேக்கப்ஸை எடுத்தது, அந்த வருஷம் முதல் சுற்றில் போன ஒரே ரன்னிங் பேக் அவர்தான். ஹாரிஸ் மூன்றாவது சுற்றில் போனார்.

கிக்காஃப் கணக்கு இங்கேயும் வருகிறது. 2018-ன் முதல் ஆட்டத்தில் லூயிவில் அணிக்கு எதிராக 77 யார்டு திரும்ப ஓடி டச் டவுன் போட்டிருந்தார். 2022-ல் 1,653 யார்டு ஓடி என்எஃப்எல்லிலேயே முதலிடம்.

கரிசல்காட்டான்:
அக்கா, இதுதான் நான் தேடியது. சாண்டர்ஸ் ஆடத் தொடங்கிய பிறகு வெடித்தவர். ஜேக்கப்ஸோ பெஞ்சில் இருந்தபடியே முதல் சுற்றுக்குப் போயிருக்கிறார். குறைவாக ஆடியதால் உடம்பு தேயாமல் இருந்ததையும் அணிகள் கணக்குப் போட்டிருக்கும் இல்லையா? ரன்னிங் பேக்கின் கால்களுக்கு ஆயுள் குறைவு. காலேஜில் எழுநூறு எண்ணூறு தடவை அடிவாங்கி வருகிறவனைவிட, இருநூற்றைம்பதோடு வருகிறவன் லாபம் என்று நினைக்க இடமிருக்கிறது.

நாலாவது_டவுன்:
கணக்குப் போடுவார்கள், சந்தேகமே வேண்டாம். 2013, 2014 இரண்டு டிராஃப்ட்டிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கூட போகவில்லை. அந்த அளவுக்கு இந்த இடத்தின் மேல் அவநம்பிக்கை வந்திருந்தது.

ஆனால் நீங்கள் எல்லோரும் ஜெயித்தவர்களை மட்டுமே எண்ணுகிறீர்கள். கிக்காஃபில் பிரமாதமாக ஓடிவிட்டு அதோடு காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர். கிக்காஃப் கண்ணைக் காட்டும், சரி. பாஸ் தடுப்பில் 115 கிலோ லைன்பேக்கர் முன்னால் நிற்கிற தைரியத்தை அது காட்டாது.

ஸ்டில்வாட்டர்_ராஜா:
நியாயமான பேச்சு. மறுப்பதற்கில்லை.

இப்போதைய நிலைமை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு சாண்டர்ஸ் இரண்டு வருஷம் தாமஸுக்குப் பின்னால் நிற்பாரா? டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைப் போட்டுவிட்டு வேறு காலேஜுக்குப் போய்விடலாம். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அதை ஒரு தடவைக்குத் தளர்த்தினார்கள், 2024-ல் அந்தத் தடையே போய்விட்டது. போதாதற்கு இப்போது பணமும் உண்டு.

விச்சிட்டா_அக்கா:
போகாமல் நின்றவரும் இருக்கிறார் ராஜா. ஆஷ்டன் ஜென்டி. 2022-ல் பாய்ஸி ஸ்டேட்டில் ஜார்ஜ் ஹொலானிக்குப் பின்னால் நின்று 821 யார்டு. அடுத்த வருஷம் 1,347. பெரிய காலேஜ்கள் கூப்பிட்டும் போகவில்லை. 2024-ல் 2,601! சாண்டர்ஸின் 36 வருஷச் சாதனைக்கு 27 யார்டு குறைவு. கடைசி ஆட்டம் ஃபியஸ்டா பவுல், பென் ஸ்டேட்டுக்கு எதிராக 104 யார்டில் நின்றுவிட்டது. ரெய்டர்ஸ் அவரை 2025-ல் ஆறாவது ஆளாக எடுத்தது.

நாலாவது_டவுன்:
14 ஆட்டங்களில் 2,601. அதில் பவுலும் அடக்கம். சாண்டர்ஸுக்கு 11-தான்.

(இந்த ஒரு விஷயத்தில் நான் ராஜா கட்சி. யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.)

டீ_மாஸ்டர்:
எடுத்தாச்சு.

புதுசா_பார்க்கிறேன்:
ஒரு கேள்வி. 1988-ல் அவர் மூன்றாவது வருஷம்தானே படித்துக்கொண்டிருந்தார்? நாலாவது வருஷமும் ஆடியிருக்கலாமே?

ஸ்டில்வாட்டர்_ராஜா:
நல்ல கேள்வி தம்பி. அன்றைக்கு மூன்றாம் வருஷ மாணவர்களை என்எஃப்எல் சாதாரணமாக டிராஃப்ட்டில் சேர்க்காது. ஆனால் ஆள் சேர்ப்பில் விதிமீறல் என்று ஓக்லஹோமா ஸ்டேட்டின் மேல் என்சிஏஏ தண்டனை விழுந்தது. டிவியில் வர முடியாது, பவுல் ஆட முடியாது. அதனால் சாண்டர்ஸுக்கு என்எஃப்எல் விலக்கு கொடுத்தது.

1989 டிராஃப்ட்டில் முதலில் டாலஸுக்கு எய்க்மன், இரண்டாவது கிரீன் பேக்கு டோனி மாண்ட்ரிச், மூன்றாவது டெட்ராய்ட் லயன்ஸுக்கு சாண்டர்ஸ். நாலாவது டெரிக் தாமஸ், ஐந்தாவது டியான் சாண்டர்ஸ். ஐவரில் ஹால் ஆஃப் ஃபேம் போகாதவர் மாண்ட்ரிச் ஒருவர்தான். கிரீன் பே ரசிகரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் டீகூட தரமாட்டார்.

இன்னொன்று. முந்தைய வருஷம் தர்மன் தாமஸ் போனது இரண்டாவது சுற்றில், 40-வது ஆளாக. முட்டிக் காயத்தைப் பார்த்து அணிகள் தயங்கின. ஆக, பேக்கப் மூன்றாவது ஆள், அவருக்கு முன்னால் நின்றவர் நாற்பதாவது ஆள்.

கரிசல்காட்டான்:
அலுவலக நண்பருக்கு அந்தக் கடைசி வரியை அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

விச்சிட்டா_அக்கா:
இங்கே பழைய ஆட்கள் பேச்சில் வருகிற ஒரு சங்கதி. பள்ளியின் கடைசி ஆட்டத்தில், இன்னும் கொஞ்சம் ஓடினால் நகரத்திலேயே முதலிடம் என்று சொல்லிப் பாரியை உள்ளே போகச் சொன்னார்களாம். ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, மற்ற பையன்கள் ஆடட்டும் என்று உட்கார்ந்துவிட்டாராம்.

பள்ளிக் கதையை நம்பாவிட்டாலும் போகட்டும். 1989, என்எஃப்எல்லில் முதல் வருஷம், கடைசி ஆட்டம். சாண்டர்ஸ் 1,470 யார்டில் நிற்கிறார், கன்சாஸ் சிட்டியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480. பத்து யார்டு ஓடினால் சமன், பதினொன்று ஓடினால் பட்டம். லயன்ஸ் ஜெயித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

1999-ல் ஓய்வு அறிவித்ததும் எங்கள் ஊர் விச்சிட்டா ஈகிள் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பித்தான். அப்போது 15,269 யார்டு. அன்றைய என்எஃப்எல் சாதனையான வால்டர் பேட்டனின் 16,726-க்கு ஒரு நல்ல சீசன் தூரம். முந்தின வருஷம் 1,491 ஓடியிருந்த ஆள்.

நாலாவது_டவுன்:
என்னால் அதை மட்டும் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பத்து யார்டு! நானாக இருந்தால் ஹெல்மெட் இல்லாமலாவது ஓடியிருப்பேன்.

டீ_மாஸ்டர்:
பெஞ்சில் உட்காரப் பழகியவர் அண்ணே அவர். நமக்குத்தான் அது தண்டனை மாதிரி தெரிகிறது.

கரிசல்காட்டான்:
நண்பரிடமிருந்து பதில் வந்துவிட்டது. "ஜேக்கப்ஸ் யார்?" என்று கேட்கிறார். நாளைக்கும் சாம்பார் சாதம் ஆறத்தான் போகிறது.